வதந்தியை விசாரித்த ஊர்

கொலம்பியாவின் சான்டாண்டெர் மாநிலத்தில், கராரெ ஆற்றங்கரையில் ஓர் ஊர். பெயர் லா இந்தியா. நம் நாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிழைக்க வழியில்லாமலும் அடிதடிக்குப் பயந்தும் வேறு வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் காட்டைத் திருத்தி உண்டாக்கிய குடியேற்றம் அது. மரம் வெட்டினார்கள், மக்காச்சோளம் போட்டார்கள், கொக்கோ வைத்தார்கள், நாலு மாடு வளர்த்தார்கள். நெடுங்காலம் ஆறுதான் அவர்களுக்குப் பாதை.

1970களில் ஃபார்க் கெரில்லாக்கள் அந்தப் பகுதியில் காலூன்றினார்கள். அவர்களைத் தேடி ராணுவம் வந்தது. 1980களில், மாட்டுப்பண்ணை முதலாளிகளின் பணத்திலும் போதைமருந்துப் பணத்திலும் கொழுத்த துணைப்படைகள் வந்து சேர்ந்தன. துப்பாக்கியோடு வாசலில் நிற்பவன் சோறு கேட்டால் போடாமலிருக்க முடியாது. மறுநாள் இன்னொரு துப்பாக்கி வந்து, நேற்று யாருக்குச் சோறு போட்டாய் என்று கேட்கும். ஆற்றில் பிணம் மிதந்து வந்தால் யாருடையது என்று கேட்கக்கூடப் பயந்தார்கள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் கேட்டதைக் கேட்கவில்லை என்றும் சொல்லத் தெரிந்தவன்தான் அங்கே வயது முதிர முடிந்தது.

1987இல் ராணுவமும் துணைப்படையும் சேர்ந்து அந்த உழவர்கள் முன்னால் நாலு வழிகளை வைத்தன. எங்களோடு சேர்ந்து ஆயுதம் எடு, அல்லது கெரில்லாவோடு போய்ச் சேர், அல்லது ஊரைவிட்டுப் போ, அல்லது சாவு. பெரிய படிப்பில்லாத ஹோசுவே வர்காஸ் என்ற உழவரின் தலைமையில் ஊர் கூடிப் பேசியது. பட்டியலில் இல்லாத ஐந்தாவது வழி ஒன்றை எடுத்தார்கள். யாருக்காகவும் கொல்வதில்லை, யாருக்கும் உதவுவதில்லை, எல்லோரோடும் பேசுவது. அந்த ஆண்டிலேயே கராரெ உழவர் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

இதுவரை கேட்டால், நல்லவர்கள் நின்று ஜெயித்த கதை போலத்தான் இருக்கிறது. ஆலிவர் கேப்லனுக்கு அந்தக் கதை மட்டும் போதவில்லை. டென்வர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் அரசியல் அறிஞர் அவர். உள்நாட்டுப் போரில் மக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று எழுதிக் குவித்த துறையில், எப்படிச் சாகாமல் இருக்கிறார்கள் என்று கேட்டவர்களில் ஒருவர். லா இந்தியாவுக்கு நேரில் போனார், சங்கத்துக்காரர்களிடம் பேசினார், துப்பாக்கியைக் கீழே போட்டு வந்த முன்னாள் போராளிகளிடமும் பேசினார். நிராயுதபாணியான ஓர் ஊர், ஆயுததாரியின் கையை எந்த இடத்தில், எதைக் கொண்டு பிடித்தது என்பதுதான் அவர் தேடியது. அவருடைய விடையை, ‘ரெசிஸ்டிங் வார்’ என்று 2017இல் வெளிவந்த அவர் நூலிலும் அதற்கு முந்தைய கட்டுரைகளிலும் பார்க்கலாம். வீரத்தைப் பற்றிய பேச்சு அதில் குறைவு. விசாரணை நடைமுறை ஒன்றைத்தான் அது விவரிக்கிறது.

அந்த நடைமுறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சங்கம் எல்லாத் தரப்பையும் அழைத்துப் பேசியது. ரகசியப் பேச்சு கிடையாது, ஊரே கூடியிருக்கும். கூட்டத்தில் ஆயுதம் கிடையாது. உங்கள் யாருக்கும் நாங்கள் துப்புக் கொடுக்க மாட்டோம், எங்கள் ஆளை நீங்கள் தொடக் கூடாது என்பது உடன்பாட்டின் ஒரு பாதி. மறு பாதிதான் முக்கியம். எங்களில் ஒருவன் மீது உங்களுக்குச் சந்தேகம் வந்தால், சுடுவதற்கு முன்னால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் விசாரிக்கிறோம்.

ஒருவன் எதிர்த்தரப்புக்குச் செய்தி கடத்துகிறான் என்று ஒரு தளபதியின் காதில் விழுகிறது. முன்பென்றால் அன்றிரவே கதவு தட்டப்படும். இப்போது செய்தி சங்கத்துக்கு வந்து சேர்கிறது. சங்கம் ஆட்களை அனுப்புகிறது. படகேறிப் போய் அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். முதலில் சொன்னது யார், சொன்னவனுக்கும் இவனுக்கும் முன்பகை உண்டா, சம்பவ நாளில் இவன் எங்கே இருந்தான் என்று நூல் பிடித்துப் போகிறார்கள். பழி பொய்யென்றால் தளபதியிடம் போய், இவனுக்கு நாங்கள் பொறுப்பு என்கிறார்கள். மெய்யென்றால்? அங்கேதான் சங்கத்தின் சாமர்த்தியம். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய் சொன்னால் ஒருமுறை பலிக்கும், மறுமுறை சங்கத்தின் சொல்லுக்கு மதிப்பிருக்காது. ஆகவே அவனையே கூப்பிட்டுக் கண்டித்தார்கள், இனி செய்யமாட்டான் என்று ஒரு தவணை கேட்டார்கள், முடியாதபோது உயிரோடு ஊரைவிட்டுப் போக வழி கேட்டார்கள். தன் சொல் செல்லுபடியாக வேண்டுமென்றால் தன் ஆட்களையும் சங்கம் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியிருந்தது.

துப்பாக்கி வைத்திருப்பவன் இதற்கு ஏன் சம்மதிக்கிறான்? இரக்கத்தால் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவனுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. தவறான ஆளைச் சுட்டால் செத்தவனின் அண்ணன் தம்பிகள் எதிர்த்தரப்பில் போய்ச் சேருவார்கள். அதைவிட, ஊருக்குள் யாரோ ஒருவன் தன் சொந்தக் கணக்கைத் தீர்க்கத் தளபதியை அடியாளாகப் பயன்படுத்தியிருக்கிறான் என்று பின்னால் தெரியும்போது அவமானம் தளபதிக்குத்தான். சரிபார்த்த செய்தி அவனுக்குத் தேவை. அதை ஊர் கொடுத்தது. கொலைகாரனுக்கு ஊர் ஒரு சேவை செய்தது என்றே இதைச் சொல்லலாம். சொல்ல நாக் கூசுகிறது. ஆனால் கேப்லனின் வாதத்தை அதன் எலும்புவரை உரித்தால் மிஞ்சுவது அதுதான்.

1990 பிப்ரவரி 26 அன்று, பக்கத்து நகரமான சிமிதார்ராவில், ஹோசுவே வர்காஸும் சங்கத் தலைவர்களான சவுல் கஸ்தானியேதாவும் மிகெல் ஆன்ஹெல் பராஹாஸும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்திருந்த பத்திரிகையாளர் சில்வியா துசானும் அவர்களோடு கொல்லப்பட்டார். அதே ஆண்டு சங்கத்துக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. மாற்று நோபல் என்று பத்திரிகைகள் சொல்லும் விருது. தலைவர்கள் போன பிறகும் சங்கம் கலையவில்லை, பழிவாங்கவும் இல்லை. மறுபடி படகேறி அதே ஆட்களிடமே பேசப் போனார்கள். நடைமுறை ஒன்று ஊரில் வேரூன்றிவிட்டால் அதை உண்டாக்கியவரைக் கொன்றாலும் அது உடனே சாவதில்லை என்பது கேப்லனுக்கு இங்கே கிடைத்த சான்று.

லா இந்தியா ஒன்றுதான் இப்படியா, நாடு முழுக்க இது பொருந்துமா என்று பார்க்க அவர் கையிலெடுத்தது இன்னும் சாதாரணமான ஒன்றை. கொலம்பியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் தோன்றிய சமூகச் செயற்குழுக்கள். பாலம் கட்டுவது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவது, ரோடு கேட்டு மனு எழுதுவது என்று நம்மூர் கிராமசபை, நலச்சங்கம் மாதிரியான வேலைகள். போரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் குழுக்கள் அடர்த்தியாக இருந்த பகுதிகளில் மக்கள் கொல்லப்படுவது குறைவாக இருந்தது என்று புள்ளிவிவரங்களை வைத்து அவர் காட்டுகிறார். பாலத்துக்கு வசூல் செய்யக் கூடிப் பழகியவர்கள், கொலைமிரட்டல் வந்தபோதும் கூடினார்கள். கூடிப் பழகாத ஊரில் அவனவன் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

வதந்திக்கு ஏன் இத்தனை இடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். அதற்கு கிரேக்கத்துக்குப் போக வேண்டும்.

ஸ்டாதிஸ் கலிவாஸ் எழுதிய ‘தி லாஜிக் ஆஃப் வயலன்ஸ் இன் சிவில் வார்’ 2006இல் வந்தது. இந்தத் துறையில் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும் அளவுக்கு முக்கியமான நூல். பெலொப்பொனீஸ் பகுதியிலுள்ள ஆர்கோலிட் வட்டாரத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கடைசி ஆண்டுகளில், ஊர் ஊராக யார் யாரால் கொல்லப்பட்டார் என்று முதியவர்களிடம் கேட்டும் ஆவணங்களைப் புரட்டியும் சேர்த்தார். நூலின் தொடக்கத்தில் மனேசி, கெர்பேசி என்று இரண்டு ஊர்கள் வரும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே மாதிரி மக்கள், ஒரே மாதிரி நிலம், ஒரே மாதிரிப் பிழைப்பு. 1944இல் ஒன்றில் குடும்பம் குடும்பமாக வெட்டிக் கொன்றார்கள், மற்றதில் அது நடக்கவில்லை. ஏன் என்ற கேள்விதான் மீதி நூல்.

கலிவாஸ் சொல்வதன் சாரம் இது. ஊருக்குள் ஊடுருவி நிற்கும் எதிரியை அடையாளம் காண ஆயுததாரிக்குச் செய்தி வேண்டும். செய்தி ஊராரிடம்தான் இருக்கிறது. ஊராரிடம் கூடவே வேறு சரக்கும் இருக்கிறது: வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, திருப்பித் தராத கடன், நின்றுபோன கல்யாணம். ஆயுததாரி அரசியல் செய்தி கேட்கிறான். ஊரான் அரசியல் முலாம் பூசித் தன் பகையைக் கொடுக்கிறான். நம்மூரில் தாலுகா ஆபீசுக்குப் போகும் மொட்டைக் கடிதாசி அங்கே தூக்குத் தண்டனையாக மாறியது. உள்நாட்டுப் போர் என்றால் கொள்கைக்காக அண்டைவீட்டானைக் கொல்வது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அண்டைவீட்டானைக் கொல்லக் கொள்கை ஒரு வழி திறந்துவிட்டது என்று பல இடங்களில் புரட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு தரப்பும் சமபலத்தோடு மோதும் ஊர்களில்தான் ஆள் பார்த்துக் கொல்வது அதிகம் என்று யாரும் நினைப்பார்கள். கலிவாஸ் கணக்கில் அப்படி வரவில்லை. அங்கே போட்டுக்கொடுக்கவே பயப்படுகிறார்கள், ஏனென்றால் நாளைக்கு ஊர் கைமாறினால் சொன்னவன் தலை போய்விடும். ஒரு தரப்பின் கை ஓங்கி, ஆனால் முழுப் பிடியும் வராத இடம்தான் மோசம். அங்கே போட்டுக்கொடுப்பவனுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஆளும் தரப்புக்கோ இன்னும் சந்தேகம் தீரவில்லை.

1944 ஆகஸ்ட் 17 அன்று ஏதென்ஸை ஒட்டிய கொக்கினியாவில் ஆண்களையெல்லாம் ஒரு சதுக்கத்தில் உட்காரவைத்து, முகத்தை மறைத்த ஆட்களை வரிசையாக நடத்திக் கூட்டிவந்தார்கள். அவர்கள் கைகாட்டியவர்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். சுற்றிவளைப்பு, மைதானம், சாக்குத் துணிக்குள் இரண்டு கண் மட்டும் தெரியும் தலையாட்டி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போர்க்காலத்தைக் கடந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே தலை அசைந்ததா, கழுத்தில் ஈ உட்கார்ந்ததா என்று விசாரிக்கச் சொல்லி யாரும் கேட்க முடியவில்லை. லா இந்தியாவின் படகுக்கு இருந்த மதிப்பு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இந்தோனேசியாவின் அம்போன் தீவிலும் இதே இழையைப் பிடிக்கலாம். 1999 ஜனவரியில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே தொடங்கிய கலவரம் தீவையே இரண்டாகப் பிளந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். கலந்து வாழ்ந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வயாமே என்ற ஊர் மட்டும் கலந்தே இருந்தது. அந்த ஊரைப் பற்றியும் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் தப்பித்த ஒரு பேட்டையைப் பற்றியும் யானா க்ரௌஸ 2018இல் எழுதினார். வயாமேயில் பத்து முஸ்லிம், பத்து கிறிஸ்தவர் என்று இருபது பேர் கொண்ட குழு அமைத்தார்கள். ஊர்க்காரன் எவனும் வெளியே போய்ச் சண்டையில் சேரக் கூடாது. வெளியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அதை ஊருக்குள் பரப்பும் முன் குழுவிடம் கொண்டுவர வேண்டும். குழு விசாரித்து உண்மையைச் சொல்லும். பள்ளிவாசலை எரித்துவிட்டார்கள், தேவாலயத்தை இடித்துவிட்டார்கள் என்று காற்றில் வரும் ஒரு வரியே ஊரை எரிக்கப் போதுமான காலம் அது. வயாமேயை ஒட்டி அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிடங்கு இருந்தது, அதற்குக் காவலும் இருந்தது என்று சந்தேகப்படுபவர்கள் சொல்வார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் அம்போனில் பாதுகாப்புப் படையினரே பக்கம் பிரிந்து சுட்ட சம்பவங்கள் உண்டு. காவல் இருந்ததால் மட்டும் ஓர் ஊர் பிழைத்தது என்று சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கொல்ல வந்தவனுக்கு ஏதோ ஒரு கேள்வி இருந்த இடங்கள். இவன் யார் பக்கம் என்ற கேள்வி. கேள்வி இருந்தால் பதில் சொல்லலாம், தவறான பதிலைத் திருத்தலாம். கேள்வியே இல்லாத இடத்தில்?

எவ்கெனி ஃபிங்கெல் எழுதிய ‘ஆர்டினரி ஜூஸ்’ நூல் அந்த இடத்துக்குப் போகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அரசியல் அறிஞர் அவர். மின்ஸ்க், கிராகோவ், பியாலிஸ்டோக் ஆகிய மூன்று நகரங்களின் யூதச் சேரிகளை ஒப்பிடுகிறார். நாஜிகள் யாரையும் விசாரிக்கவில்லை, பிறப்பே தீர்ப்பு. எனவே எதிர்பார்க்கக்கூடிய விடை, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது. கிட்டத்தட்ட அதுதான் உண்மையும். பெரும்பாலானவர்கள் என்ன செய்திருந்தாலும் கொல்லப்பட்டார்கள். இருந்தாலும் மூன்று ஊர்களிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்கு அவர் போருக்கு முந்தைய காலத்துக்குப் போகிறார். சோவியத் ஆட்சி மின்ஸ்க் யூதர்களை மற்றவர்களோடு ஒரே பள்ளியில், ஒரே தொழிற்சாலையில் கலந்துவிட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் காட்டுக்கு, கெரில்லாப் படைகளை நோக்கித் தப்பியோட அது வழிவிட்டது. வழிகாட்டிகளில் சிறுவர் சிறுமியரும் இருந்தார்கள். பியாலிஸ்டோக் யூதர்கள் தங்களுக்கென்று கட்சி, பள்ளி, பத்திரிகை என்று தனி உலகத்தில் வாழ்ந்தவர்கள். சேரிக்குள் கட்டுக்கோப்பு இருந்தது, 1943 ஆகஸ்டில் ஆயுதமெடுத்து எழவும் செய்தார்கள். ஆனால் வெளியே கதவைத் திறக்க ஆளில்லை. கிராகோவில் போலிஷ் மொழியைப் பிசிறில்லாமல் பேசியவர்கள், போலிக் காகிதங்களோடு போலிஷ்காரராக நடமாடப் பார்த்தார்கள்.

ஃபிங்கெலின் இன்னொரு வாதம் இதைவிட விசித்திரமானது. தலைமறைவு வேலை என்பது பழகிக் கற்கும் தொழில். போலந்து அரசு கம்யூனிஸ்டுகளை ஆள் பார்த்துப் பிடித்துச் சிறையில் போட்டது. பிடிபடாமல் இருக்கும் வித்தையை அவர்கள் அதில் கற்றார்கள். ஸ்டாலின் அரசு இன்னார் இனியார் என்று பார்க்காமல் அள்ளியது; அங்கே வித்தை கற்றவர் மிஞ்சவில்லை. மின்ஸ்க் சேரியின் தலைமறைவு இயக்கத்தை நடத்திய ஹெர்ஷ் ஸ்மோலார், போலந்திலிருந்து வந்தவர், போலந்துச் சிறைகளைப் பார்த்தவர். நாஜிகள் அவருடைய போலிப் பெயரைச் சொல்லி, ஆளை ஒப்படை என்று சேரியின் யூதப் பேரவைத் தலைவர் யோஃபேயை நெருக்கினார்கள். யோஃபே அந்தப் பெயரில் ஓர் அடையாள அட்டை தயாரித்தார், அதில் ரத்தத்தைப் பூசினார், பிணத்தின் சட்டைப்பையில் கிடைத்தது என்று கொண்டுபோய்க் கொடுத்தார். நம்பிவிட்டார்கள். ஸ்மோலார் பிழைத்தார். யோஃபே பிறகு கொல்லப்பட்டார்.

இந்த ஆய்வுகளிலெல்லாம் ஒரு பெரிய ஓட்டை உண்டு, எழுதுபவர்களுக்கே தெரியும். பிழைத்தவன்தான் பேட்டி கொடுக்கிறான். அதே உபாயத்தைச் செய்து செத்தவன் எந்த அட்டவணையிலும் வரமாட்டான். ஃபிங்கெல் இதற்காக, பிழைத்தவர் தம்மைப் பற்றிச் சொன்னதை மட்டுமல்லாமல் தம்மைச் சுற்றியிருந்தவர்களைப் பற்றிச் சொன்னதையும் எடுத்துக்கொள்கிறார். பியாலிஸ்டோக்கில் சிலர் சேரி வாழ்க்கையை அன்றன்றே எழுதிச் சேர்த்து மண்ணில் புதைத்துவைத்தார்கள். எழுதியவர்கள் போனார்கள், காகிதம் கிடைத்தது. அது ஓட்டையை முழுக்க அடைத்துவிடாது. கேப்லனின் ஊர்களுக்கும் இது பொருந்தும். சங்கம் வைத்தும் அழிந்த ஊரில் அவர் போய் யாரைக் கேட்பார்?

ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் கேள்வி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009இல் வன்னியில் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் ஷெல் விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2011 அறிக்கையில் பதிவு செய்தது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. அங்கே இருந்த வழி பதுங்குகுழி. ஊர் கூடி யாரிடம் போய் யாருக்காகப் பொறுப்பேற்பது?

இன்னொரு சங்கடம் ஆய்வாளரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. போர் நடக்கும் ஊருக்கு வெளியாள் ஒருவர் வருகிறார். யார் யாருக்குச் சோறு போட்டார்கள், யார் யாரோடு பேசினார்கள், கூட்டத்தை யார் கூட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். ஆள்காட்டி சேகரிப்பதும் இதே செய்தியைத்தான். நோக்கம் வேறு என்பது அந்த நோட்டைப் பிடுங்கும் சிப்பாய்க்கு ஒரு பொருட்டல்ல. எல்சால்வடாரில் போர் நடக்கும்போதே உசுலுத்தான் பகுதியில் உழவர்களிடம் பேசிய எலிசபெத் ஜீன் வுட், இதைப் பற்றி 2006இல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். பெயர்களை எழுதாமல் குறியீடாக வைப்பது, பேசும் முன் ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்பது, எதைச் சொல்வது என்பதை அவர்களிடமே விடுவது என்று. சூத்திரங்கள் எளியவை. ஆனால் அவர் சொன்னதில் மனதைத் தொடுவது வேறு: தங்கள் கதை எங்காவது பதிவாக வேண்டும் என்று ஆபத்தை அறிந்தே பேச விரும்பினார்கள் பலர். அவர்களைத் தங்கள் வட்டாரத்தின் வரைபடத்தை வரையச் சொன்னார் வுட், போருக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பண்ணையாரின் எல்லைகள் முதலாவதில். தாங்கள் கைப்பற்றிய நிலங்கள் இரண்டாவதில். கலப்பை பிடித்த கை மார்க்கர் பேனாவைப் பிடித்து, எல்லை எங்கே வரும் என்று கூடிச் சண்டைபோட்டு வரைந்த அந்தப் படங்கள் அவர் 2003 நூலில் அச்சாகியிருக்கின்றன. பேட்டிகளைவிட அவை அதிகம் பேசுகின்றன.

இந்தத் துறையின் மேல் வைக்கக்கூடிய கடுமையான குற்றச்சாட்டு ஒன்று பாக்கியிருக்கிறது. மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியும் என்று ஒருவர் புள்ளிவிவரத்தோடு நிரூபித்தால், காக்க வேண்டிய அரசு நிம்மதியாகக் கால் நீட்டிக்கொள்ளும். ஊர் அழிந்தால், நீங்கள் ஏன் ஒழுங்காகச் சங்கம் வைக்கவில்லை என்றும் கேட்கும். கேப்லன் அப்படிச் சொல்லவில்லை. எங்கே இது பலிக்காது என்பதையும் எழுதத்தான் செய்கிறார். ஆனால் நிதி கொடுக்கும் நிறுவனங்கள் நூலை அப்படித்தான் படிக்கும் என்ற பயம் தேவையற்றதல்ல. உள்ளூர்த் தளபதியிடம் பொய்ப்பழியைத் திருத்த முடியும். தலைநகரத்திலிருந்து வரும் பழியை எந்தப் படகில் போய்த் திருத்துவது?

இதற்கு அதே கொலம்பியாவில் பதில் இருக்கிறது. ஊராபா பகுதியின் சான் ஹொசே தே அப்பர்த்தாதோ 1997 மார்ச் 23 அன்று தன்னைச் சமாதானச் சமூகம் என்று அறிவித்துக்கொண்டது. ஆயுதம் தொடுவதில்லை, எந்தத் தரப்புக்கும் செய்தியோ உதவியோ கொடுப்பதில்லை. லா இந்தியாவின் விதிகளுக்கு நெருங்கிய விதிகள்தான். ஆனால் இங்கே சாவு நிற்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. 2005 பிப்ரவரி 21 அன்று சமூகத்தின் தலைவர் லூயிஸ் எதுவார்தோ கெர்ரா உட்பட எட்டுப் பேரை வெட்டிக் கொன்றார்கள். அதில் மூவர் குழந்தைகள். ஃபார்க் செய்தது என்று ராணுவத் தரப்பு சொன்னது. துணைப்படையும் சிப்பாய்களும் சேர்ந்து செய்தது என்பது பின்னால் ராணுவக் கேப்டன் ஒருவரின் ஒப்புதலோடு வெளிவந்தது.

கொலை நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் ஜனாதிபதி அல்வாரோ உரிபே பேசினார். அங்கே நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தலைவர்களிலும் ஆதரவாளர்களிலும் சிலர் ஃபார்க்குக்கு உதவுவதாகக் குற்றச்சாட்டு இருக்கிறது என்பது பேச்சின் சாரம். மொட்டைக் கடிதாசியின் நடை அது. இம்முறை கையெழுத்து மட்டும் ஜனாதிபதியுடையது. ஊருக்குள் போலீஸ் நிலையம் வைத்தார்கள். ஆயுதத்தோடு ஒரே ஊரில் இருப்பதில்லை என்ற தங்கள் விதிப்படி சமூகத்தார் வீடுகளை விட்டு வெளியேறி, சற்றுத் தள்ளி வேறு இடத்தில் புதிதாகக் குடிசை போட்டார்கள். அரசு நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதையும் நிறுத்தினார்கள். சாட்சி சொன்னவர்களைக் கொல்கிறார்கள் என்றார்கள். அரசோடு மறுபடி பேச அவர்கள் வைத்த நிபந்தனைகளில் இழப்பீட்டுத் தொகை இல்லை. ஜனாதிபதி சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது இருந்தது. 2012இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை உத்தரவாகவே போட்டது. 2013 டிசம்பரில் அரசு மன்னிப்புக் கேட்டது. கேட்டவர் உரிபே அல்ல, அவருக்குப் பின் வந்த ஹுவான் மனுவெல் சாந்தோஸ்.